மேனாம்பேட்டு ஹாலில் படம் தெரிந்த விதம்

மேனாம்பேடு, அம்பத்தூர்,
சென்னை - 53.
செப்டம்பர் 28, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய சம்பந்தி திரு. பால்ராஜ் அவர்களுக்கு,

தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுலோசனாவும், என் மகன் நிர்மலும், தங்கள் மகள் நிஷாவும் சுகமாக இருக்கிறோம். சாத்தூரில் தங்களுக்கும் சம்பந்தி அம்மாள் பத்மா அவர்களுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இராது என்றும், தங்கள் இடது முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகப் போயிருக்கும் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது வருடம் தபால் துறையில் இருந்த தங்களுக்கு, முத்திரை விழாமல் வரும் சேதியெல்லாம் பாதிச் சேதிதான் என்று கல்யாணப் பந்தியில் தாங்களே சொன்னீர்கள். இது முழுச் சேதி. ஆகவே தபாலில் வருகிறது.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கும். "எங்க நிஷா படிப்பு, வேலைன்னே இருந்துட்டா சம்பந்தி. ஒரு வீட்டை நடத்தத் தெரியாது. நீங்கதான் பொறுத்துக்கிடணும்" என்றீர்கள். அந்த வார்த்தையைத் தாங்கள் எழுத்துமூலம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். வீடு என்ன, அந்தப் பெண் ஒரு குடியிருப்பையே நடத்திக் காட்டியிருக்கிறாள், அதுவும் யாருக்கும் தெரியாமல். எனக்கு மட்டும் தெரியும். இனித் தங்களுக்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி என்பதால் மழைத் தண்ணீர் எங்களை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் நாலு வீடுகள் இருக்கின்றன. மூன்று வருடமாக ஐப்பசி பிறந்தால் அந்த நாலு வீட்டிலும் கட்டில் மிதக்கும். தெரு முனையில் இருக்கும் கால்வாய் வழியாகத் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போய்விட வேண்டும். போகவில்லை என்று மனுவில் எழுதிக் கொடுத்தோம், நேரில் சொன்னோம், ஒன்றும் நகரவில்லை. கடைசியில் மாநகராட்சிக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர் அம்மா ஒருவர், இந்த மாதம் பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பு ஹாலுக்கு வந்து அரைமணி நேரம் கேட்பதாக ஒப்புக்கொண்டார். அரைமணிதான். அதற்குப் பிறகு அவருக்கு வேறு இடத்தில் கூட்டம். மழைக்கு முன்னால் எந்தக் கால்வாயில் வேலை என்ற பட்டியலை அவர் மறுநாளே முடித்தாக வேண்டும். அன்றைக்கு விட்டால் இன்னொரு ஐப்பசியும் போச்சு.

வாயால் சொன்னால் எடுபடாது, வெள்ளத்தைத் திரையிலேயே காட்டிவிடலாம் என்று சங்கத்தில் முடிவானது. மூன்று வருட வெள்ளமும் எங்களிடம் இருந்தது, ஆனால் மூன்று இடத்தில். போன வருடத்தியது சங்கச் செயலாளர் ராகேஷின் லேப்டாப்பில். அதற்கு முந்தினது வாசல் கேமராவின் பெட்டியில். முதல் வருடத்தியது கீழ்வீட்டுத் தாயம்மாவிடம் இருக்கும் பழைய வீடியோ கேமராவில். தாயம்மா தையல்காரர். அவருடைய வீட்டுக்காரர் கன்னியப்பன் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர். முதல் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர் எடுத்த படம் அது. அவர் போன தை மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார். அந்தக் கேமராவைத் தாயம்மா ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

இந்த மூன்றையும் ஒரே ப்ரொஜெக்டரில் இணைக்கும் பொறுப்புக்கு ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன் என்பதும் உண்மைதான். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் ராணுவ வண்டிகளுக்கு வயரிங் போட்டவன் நான். ஒரு வண்டிக்குள் ஓடும் வயரை நீட்டினால் அம்பத்தூரிலிருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் வரும் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். அப்படிப்பட்டவனுக்கு ஒரு ப்ரொஜெக்டர் எம்மாத்திரம் என்று எல்லோரிடமும் சொன்னேன். சனிக்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போய்ப் பதினைந்து மீட்டரில், இரண்டு முனையிலும் நீல மூக்கு வைத்த தடித்த கேபிள் ஒன்றை வாங்கித் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தேன்.

ஞாயிறு காலை ராகேஷ் என் கேபிளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல பிள்ளைதான், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. "வயரே வேணாம் அங்கிள். எல்லாம் ஒயர்லெஸ்" என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமானை ப்ரொஜெக்டரில் செருகினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் ஹால் கட்டடத்துக்கு அடியில், பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே போனில் பேசவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எழுத்தில் வரும் சேதி மட்டும் எப்படியோ வந்து சேரும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்காலிகள் நிறைந்தன, பொறியாளர் அம்மா வந்தார், அவருக்கு இளநீர் கொடுத்தோம், அவர் குடித்து முடித்தார், அப்போதும் அது சுற்றியது. எங்கள் காவலாளி வேம்புலி மட்டும் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

பத்து நிமிடம் போனதும் ராகேஷ் என் பக்கம் திரும்பினார். நான் தோளிலிருந்து கேபிளை இறக்கினேன். சம்பந்தி, அந்தக் கணத்தின் கம்பீரத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கேபிளை எடுத்துக்கொண்டு அவருடைய லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தால் அதில் செருகுவதற்கு இடமே இல்லை. வாழைக்காய்ச் சீவல்போல மெலிசான லேப்டாப், ஓரத்தில் எறும்புப் புற்று மாதிரி இரண்டு துவாரம், அவ்வளவுதான். அதற்கு நடுவில் ஒரு அடாப்டர் வேண்டுமாம். எங்கள் வீட்டில் நிர்மலின் மேஜையில் அது ஒன்று கிடந்தது ஞாபகம் வந்து, மூன்று மாடி ஏறி எடுத்துக்கொண்டு வந்தால், அந்த அடாப்டரின் வாய் ஒரு மாதிரி, என் கேபிளின் மூக்கு வேறு மாதிரி. அந்த வாய்க்கு எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் போகும் என்றார் ராகேஷ். மறுபடியும் மூன்று மாடி ஏறி, எங்கள் வீட்டு டி.வி.யின் பின்னாலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அது ஒரு கஜம்கூட இல்லை. லேப்டாப் மேடையில், ப்ரொஜெக்டர் ஹால் நடுவில். நான் தாமதிக்காமல் ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்த் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். கேபிள் எட்டியது. ஆனால் திரையில் விழுந்த வெளிச்சம் கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது.

வேம்புலிதான் என் காதருகில் வந்து, "சார், தப்பா நெனிக்காத. இம்மாம் பெரிய பொட்டிய அங்க தூக்கிகினு போனதுக்கு, அந்தக் குட்டிப் பொட்டிய இங்க இட்டாந்தா பத்தாதா?" என்று கேட்டார். நான் அதைத்தான் செய்ய இருந்தேன் என்று சொல்லி ப்ரொஜெக்டரைத் திரும்பவும் ஹால் நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

எல்லாம் மாட்டியாயிற்று. திரை முழுக்க நீல நிறம், நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில். பிடுங்கி மாட்டினேன். ஊதி மாட்டினேன். பொறியாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. முப்பத்துநாலு வருட சர்வீஸில் வேர்க்காத கை அது. அப்போதுதான் சட்டைப் பையில் என் போன் லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் நிஷாவின் எண்ணிலிருந்து வாட்ஸப். "ப்ரொஜெக்டர் தலையில் சோர்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். படம் வரும்வரை ஒவ்வொரு தடவையாக அழுத்தவும்."

அழுத்தினேன். இரண்டாவது அழுத்தலில் நீலம் போய்ப் பனிமலை ஒன்று வந்தது. ராகேஷின் லேப்டாப்பில் இருக்கும் முகப்புப் படம். கைதட்டினார்கள். ஆனால் லேப்டாப்பில் அவர் படத்தை ஓட்டினாலும் திரையில் வெறும் மலை மட்டும் அசையாமல் நின்றது. ராகேஷ் பதற்றத்தில் எதையெதையோ தட்ட, மலை தலைகீழானது. மறுபடியும் அதிர்வு. "விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அவசரம் வேண்டாம்." நான் ராகேஷின் தோளுக்கு மேலே கையை நீட்டி, ஏதோ பிறந்ததிலிருந்து அதையே செய்து வருகிறவனைப் போல இரண்டு கீயை அழுத்தினேன். போன வருட வெள்ளம் திரையில் நேராகவே பாய்ந்தது. ராகேஷ் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, சம்பந்தி. நான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கேமராப் பெட்டி. அதன் பின்னால் என் நீல மூக்குக்கு ஏற்ற வாய் இருந்தது. பதினைந்து மீட்டரும் வீணாகவில்லை. ஆனால் மாட்டிப் பார்த்தால் தெரு, தண்ணீர், அதில் நீந்திப் போகும் நாய், எல்லாமே கத்திரிக்காய் நிறம். இங்கே நான் போனைப் பார்க்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறம் மட்டும் வரவில்லையென்றால் ஒரு பின் மட்டும் தொடவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்த உலகம். மூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பதினைந்து ஊசிகளில் ஒன்று தலை குனிந்து நின்றது. ரயில் கூட்டத்தில் நசுங்கியிருக்கும். தாயம்மாவிடம் தையல் ஊசி கேட்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். மாட்டியதும் தண்ணீர் சேற்று நிறத்துக்கு வந்தது. சேற்று நிறத்தைப் பார்த்து ஒரு ஹாலே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. பொறியாளர் அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துப் படத்தையும் பார்த்தேன், தண்ணீர் நிற்பது தெரிகிறது, ஆனால் எங்கே அடைத்திருக்கிறது என்பது எதிலும் தெரியவில்லையே என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தாயம்மா எழுந்து நின்றார். வீட்டுக்காரர் எடுத்ததில் அது இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். பொறியாளர் அம்மா பையைக் கீழே வைத்தார்.

அந்தக் கேமராவின் வயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை. ப்ரொஜெக்டரிலும் அதே மூன்று நிறத்தில் துளை. குழந்தைகூட மாட்டிவிடும், நானும் மாட்டினேன். படம் வந்தது. இருட்டான வீடு, மிதக்கும் தையல் மிஷின் மூடி, தண்ணீரில் ஆடும் டார்ச் வெளிச்சம். ஆனால் சத்தம் இல்லை. கேமரா இருட்டில் எங்கெங்கோ போகிறது, எது வீடு, எது தெரு என்று யாருக்கும் விளங்கவில்லை. சத்தம் இல்லாவிட்டால் பரவாயில்லை, நான் விளக்கிச் சொல்கிறேன் என்று ராகேஷ் மைக்கை எடுத்தார். தாயம்மா என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "அவரு அதுல பேசிகினு கீறாரு சார். பொம்ம மட்டும் தெரிஞ்சா பத்தாது."

வெள்ளையையும் சிவப்பையும் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. ப்ரொஜெக்டரின் வயிற்றில் இருந்த ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டிருக்கிறது. தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நிமிர்ந்தபோது மூன்றாவது முறையாகப் போன் அதிர்ந்தது. "மஞ்சள் மட்டும் ப்ரொஜெக்டரில் இருக்கட்டும். வெள்ளை, சிவப்பு இரண்டையும் எடுத்து மேஜைக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் குத்தவும். பயப்பட வேண்டாம், வரும்."

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்க் குத்தினேன். ஹாலின் நாலு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் முதலில் மழைச் சத்தம் வந்தது. பிறகு கன்னியப்பன் பேசினார்.

"இது எங்க ஊடு. தண்ணி கட்டிலு மேல ஏறிடுச்சு. இப்போ ரோட்டாண்ட போறேன், பாத்துக்கங்க. இதோ சின்ன பாலம் கீது. இதும் வாயில ரோடு போட்ட மண்ணு, கல்லு எல்லாத்தையும் கொட்டி மூடிக்கீறாங்க. இத்த தொறந்தா போதும், தண்ணி தானா பூடும். யாரு பாக்குறீங்களோ, இத்த மட்டும் தொறந்து வுட்ருங்க."

நான் மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வர மனசு வரவில்லை. பொறியாளர் அம்மா மட்டும், "அந்த இடத்துல நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பாலம் வரைபடத்திலேயே இல்லை என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குப் போகாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களோடு தெரு முனைக்கு நடந்தே வந்தார். புதன்கிழமை மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. பாலத்தின் வாயிலிருந்து மூன்று லாரி மண் போனது. போன வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் விடாமல் பெய்த மழைக்குத் தண்ணீர் கீழ்த்தளத்தின் முதல் படியைத் தொட்டது, கொஞ்ச நேரம் யோசித்தது, திரும்பிப் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் குடையோடு நின்று பார்த்தோம்.

அன்று ஹாலில் எல்லோரும் போன பிறகு, தாயம்மா அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். படத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். பிறகு எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அந்தக் கும்பிடு எனக்குச் சேர வேண்டியதில்லை என்று அப்போதே தெரியும். இப்போது குடியிருப்பில் என்னை 'ப்ரொஜெக்டர் சார்' என்கிறார்கள். ராகேஷ் எதற்கும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார். இதெல்லாம் தங்கள் மகளுக்குச் சேர வேண்டியது. அவள் நினைத்திருந்தால் எழுந்து வந்து, 'தள்ளுங்க மாமா' என்று ஒரு நிமிடத்தில் மாட்டிவிட்டுக் கைதட்டலை வாங்கியிருக்கலாம். மாமனார் ஊர் முன்னால் தலை குனியக் கூடாது என்று பின்வரிசை இருட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று மதியம் சாப்பிடும்போது நான் அவளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தேன். அவளும் தலையசைத்து எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. மறுநாள், தொழிற்சாலையில் பணி ஓய்வின்போது எனக்குக் கொடுத்த ஸ்க்ரூடிரைவர் பெட்டியை, நிர்மலைக்கூடத் தொட விடாத பெட்டியை, அவள் கையில் கொடுத்து "இது உன்கிட்ட இருக்கறதுதான் முறைம்மா" என்றேன். ஒன்றுமே புரியாதவளைப் போல முழித்தாள். செய்த உதவியை இப்படி ஒரேயடியாக மறைக்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை. எப்படி வளர்த்தீர்கள் என்று தங்களையும் சம்பந்தி அம்மாளையும் நினைத்து நினைத்துப் பெருமைப்படுகிறேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு மூளை இதுவரை இருந்ததில்லை.

தங்கள் மறுப்புக் கடிதத்தை, அதாவது நிச்சயதார்த்த வார்த்தையைத் திரும்பப் பெறும் கடிதத்தை, பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது. மழைக்கு முன்னால் ஒருநடை வந்து போங்கள். பாலத்தைக் காட்டுகிறேன். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். உங்கள் ஊர்ப் பக்கமும் வேண்டிய அளவு பெய்து, போதும் என்றதும் நின்று, எல்லோரையும் சுகமாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் மாறா அன்புடன்
தட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் நிஷாவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள், "மாமா, அன்னைக்கு நான் ஹாலுக்கே வரலை. மேல ரூம்ல லேப்டாப்ல ஆபீஸ் கால்ல இருந்தேன். என் போனை அத்தைதான் ஹாலுக்கு வாங்கிட்டுப் போனாங்க" என்றாள். நான் அடுக்களைக்குப் போய் சுலோசனாவைக் கேட்டேன். நான் காலையில் நடக்கப் போகும் ஒரு மணி நேரத்தில், நிஷாவின் பழைய லேப்டாப்பை டி.வி.யில் மாட்டித் தினமும் தையல் டிசைன் பார்க்கிறாளாம், ஒன்றரை வருடமாக. ஒருமுறை கோயில் கச்சேரிக்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டியதும் அவள்தானாம். உன் போனிலிருந்தே அனுப்பியிருக்கலாமே என்றேன். சுலோசனா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "என் நம்பர்லேர்ந்து வந்திருந்தா நீங்க பிரிச்சே பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள்.

எட்டுப் பக்கத்தையும் திரும்ப எழுத மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. ஆகவே தாங்கள் மேலே 'தங்கள் மகள்' என்று வரும் இடங்களில் 'என் மனைவி' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். பெருமையில் மாற்றம் இல்லை, விலாசம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பெட்டியை நிஷாவே அத்தையிடம் கொடுத்துவிட்டாள். இதற்குமேல் எழுத நேரமில்லை. சுலோசனா டி.வி.க்குப் பின்னால் ஏதோ புதிதாக மாட்டிக்கொண்டிருக்கிறாள், டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறாள்.